பூஜ்யத்தின் மேல் விரல் படக்கூடாது

மாசாய் பக்கம் உள்ள அந்தச் சமூக சுகாதார மையத்தில் பணம் இல்லை என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிட முடியாது. சொன்னால் கையைப் பிடித்து அழைத்துப் போய் மருந்து ஸ்டோரைத் திறந்து காட்டிவிடுவார்கள். உள்ளே வரிசை வரிசையாகச் சாய்த்து வைத்த காசோலைகள். ஒவ்வொன்றும் ஒரு கதவைப் படுக்க வைத்த அளவு இருக்கும். பத்தாயிரம் வெள்ளி, ஐம்பதாயிரம் வெள்ளி, இரண்டு லட்சம் வெள்ளி. எல்லாம் கெட்டி அட்டையில் பளபளவென்று அச்சடித்தவை.

நம் நாளிதழ்களில் இதை மாதிரிக் காசோலை என்பார்கள். கொடுப்பவர் ஒரு மூலையைப் பிடிக்க, வாங்குபவர் மறு மூலையைப் பிடிக்க, நடுவில் ஒரு பிரமுகர் நிற்க, எல்லாரும் கட்டை விரலை உயர்த்திப் பல் தெரியச் சிரித்தால் ஒரு படம். நிஜக் காசோலை பின்னால் வரும் என்பது ஐதீகம். இந்த மையத்துக்கு அது வரவில்லை என்று சொல்வது தப்பு. இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சில காசோலைகள் வந்து சேராமலே பல வருடங்கள் ஆகிவிட்டன.

இங்கேதான் திருச்செல்வம் நிதி மேலாண்மைத் தலைமை அதிகாரி ஆனார். ஆனார் என்பதைவிட, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பதவி தானாக வந்து மடியில் ஏறிக்கொண்டது என்பதுதான் சரி. பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கணக்குக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். தொழிற்சாலை வியட்நாமுக்குப் போனது. அவரை அழைத்துப் போகவில்லை. அக்கா ராசம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று தடவை அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து, இரத்தச் சுத்திகரிப்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் காத்திருப்பார். வீட்டில் இவர்கள் இருவர்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி செய்துகொண்டார், அது நிலைக்கவில்லை.

ஒருநாள் மையத்தின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய ஹேமநாதன், அந்தப் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீங்க என்னா வேலை பார்த்தீங்க?"

"கணக்கு வேலை, டத்தோ."

"கணக்கு தெரிஞ்ச ஆளு பெஞ்சில உக்காரலாமா? நாளைக்கு ஆபீஸ்ல உக்காருங்க. சம்பளம் பெருசா இல்ல. ஆனா அக்காவோட நாற்காலி அக்காவுக்குத்தான். நான் இருக்கிறவரைக்கும் யாரும் அதுல கை வைக்க முடியாது."

தனியார் மையத்துக்குப் போனால் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும் என்று திருச்செல்வம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். அந்த நாற்காலிக்காக ஒப்புக்கொண்டார். வேறு எதற்காகவும் இல்லை.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. பயிற்சி கொடுத்தவள் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் லோஷினி. கணக்குப் புத்தகங்கள் எங்கே என்று திருச்செல்வம் கேட்டார். அவள் ஸ்டோரிலிருந்து ஒரு பழைய அட்டையைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அங்கிள், நீங்க எப்பவும் வலது மூலை. லெஃப்ட்ல டோனர், அதான் காசு குடுக்கிறவரு. ஒரு கை அட்டைய பிடிக்கணும், ஒரு கை தம்ஸ் அப். பிடிக்கிற கை சைபர் மேல படக்கூடாது, அதுதான் முக்கியம். போன வருஷம் ஒரு அங்கிள் கட்டை விரலால கடைசி சைபர மறைச்சிட்டாரு. பேப்பர்ல அம்பதாயிரம் ஐயாயிரமா வந்திருச்சு. டோனர் அழுதுட்டாரு."

"அந்த அங்கிள் இப்ப எங்க?"

"அதான் நீங்க வந்திருக்கீங்களே."

மதியம்வரை மூலையைப் பிடித்துப் பழகினார். நாற்காலியிலிருந்து எழுந்து வந்த ராசம்மா தம்பி தோளைத் தடவிக்கொள்வதைப் பார்த்தார்.

"என்னாடா, மூட்டை தூக்கினியா?"

"செக் பிடிச்சேங்க்கா."

"எல்லாரும் செக்க வாங்குனா பேங்க்ல போடுவாங்க. நீ பிடிச்சுக்கிட்டே நின்னியா?" என்று சொல்லி, மோட்டாரில் ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

பம்பு விஷயத்தை முதலில் சொன்னவள் அங்கே தாதியாக இருந்த மிஸ்ஸி ஷர்மினி. இரத்தம் சுத்தமாக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் தண்ணீர் சுத்தமாக வேண்டும். தண்ணீரை வடிகட்டி எல்லா நாற்காலிகளுக்கும் தள்ளிவிடுவது பின்னறையில் இருக்கும் ஒரே ஒரு பம்பு. அது சில நாளாக இருமிக்கொண்டிருந்தது.

"அங்கிள், அழுத்தம் இறங்கிக்கிட்டே வருது. இது நின்னா எல்லா நாற்காலியும் நின்னிரும். உங்க அக்காவும் இந்தத் தண்ணியிலதான இருக்காங்க. சீக்கிரம் பாருங்க லா."

திருச்செல்வம் அன்றே டத்தோவின் அறைக்குப் போனார். சுவரில் ஒரு இடம் பாக்கியில்லாமல் டத்தோ காசோலை பிடித்துக்கொண்டிருக்கும் படங்கள். நிஜ டத்தோ அவற்றின் நடுவே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"செல்வம், உங்க பதவிப் பேரு என்னா?"

"நிதி மேலாண்மைத் தலைமை அதிகாரி, டத்தோ."

"தலைமை! அத கவனிச்சீங்களா? பணத்த வாங்கி பில்லு கட்டுறது கிராணி வேலை. பணம் இருந்தா எவன் வேணும்னாலும் நிர்வாகம் பண்ணுவான். ஒரு காசு இல்லாம இந்த மையத்த நான் இத்தன வருஷமா நடத்துறேன் பாருங்க, அதுக்குப் பேருதான் லீடர்ஷிப். பணம் வந்திருச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?"

"பம்பு, டத்தோ..."

"பம்பு ஒரு பொருள். நீங்க பொருள பாக்குறீங்க, நான் நோக்கத்த பாக்குறேன்."

அரசாங்க மானியமும் நோயாளிகள் கட்டும் கட்டணமும் மருந்துக்கும் மிஸ்ஸிகளின் சம்பளத்துக்கும் சரியாகப் போய்விடும். மிச்சம் என்று ஒன்று இருந்தால் அது கவுண்டரில் இருந்த உண்டியல்தான். நோயாளிகளின் குடும்பத்தார் போட்டது. அதிலிருந்து பம்புக்கு முன்பணமாவது கொடுக்கலாமே என்றார் திருச்செல்வம்.

டத்தோ பதறிப்போனார். "உண்டியல்ல கைய வைக்காதீங்க! அது அடுத்த மாச அட்டை அடிக்க. அட்டை, மேடைத் துணி, பூச்செண்டு. இதெல்லாம் இல்லேன்னா எந்த டோனர் நம்மள நம்பிக் குடுப்பான்?"

ஆக, அந்த மையத்துக்கு நிஜமாக வந்த காசெல்லாம் வராத காசை அச்சடிக்கப் போய்க்கொண்டிருந்தது. அச்சகத்துக்கான பட்டுவாடாச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் நிதி மேலாண்மைத் தலைமை அதிகாரி. அக்காவின் நாற்காலியை நினைத்துப் போட்டார்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. காசோலைகளில் பெரியதாகப் பார்த்து, இரண்டு லட்சம் கொடுத்த நிறுவனத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்த ரெண்டு லட்சமா? குடுத்தாச்சே. போட்டோகூட வந்திச்சே," என்றார் மேலாளர்.

"போட்டோ வந்திச்சுங்க. பணம் வரல."

"ஓ, பணமா. அது எங்களுக்கு ஒரு அறவாரியம் குடுக்கணும். அவங்க குடுத்ததும் உங்களுக்கு வந்திரும். அவங்கள கேளுங்க."

அறவாரியத்தைக் கேட்டார். அங்கே பேசியவர் இன்னும் கண்ணியமானவர். தங்களுக்கு ஓர் அமைப்பு மேடையில் வைத்து இரண்டு லட்சம் வழங்கியதாகவும், அது கைக்கு வந்ததும் ஒரு நாள்கூட வைத்திருக்கப்போவதில்லை என்றும் சத்தியம் செய்தார். சந்தேகமிருந்தால் பாருங்கள் என்று படத்தையும் அனுப்பி வைத்தார். படத்தில் காசோலையை வழங்கிக்கொண்டிருந்தவர் டத்தோ ஹேமநாதன். வலது மூலையை, பூஜ்யத்தின் மேல் விரல் படாமல் மிகச் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்தவர் திருச்செல்வம்.

அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மாதம் இப்படி ஏதாவது நடந்தபோது கோபம் வந்தது. அடுத்த மாதம் வெட்கமாக இருந்தது. இப்போது எதுவும் வரவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது.

பிறகு தணிக்கை வந்தது. தணிக்கையாளர் சுபத்திரா அம்மையார், அரசாங்கக் கருவூலத்தில் முழு சேவை செய்து ஓய்வு பெற்றவர். தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவராம். வெள்ளைச் சேலை, தங்கச் சட்டமிட்ட கண்ணாடி. கணக்கில் இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஸ்டோருக்குள் இறங்கி, ஒவ்வோர் அட்டையையும் தட்டிப் பார்த்து, தூசி துடைத்துத் தொகையைச் சரிபார்த்தார். முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

"நான் எத்தினையோ இடம் பார்த்திட்டன். மற்ற இடங்களில காசு வந்திருக்கும், ஆனா இராது. இஞ்ச காசு வரேல்லை, ஆனா எல்லாம் அப்பிடியே இருக்குது. ஒண்டும் குறையேல்லை. இதுதான் ஒழுங்கு."

"அம்மா, ஒரு பம்பு வாங்கணும்..." என்று திருச்செல்வம் தொடங்கினார்.

"அது என்ர வேலை இல்லைத் தம்பி. ஒரேயொரு குறை இருக்குது, அதையும் எழுதத்தான் வேணும். அந்த மருந்துக் கேன்கள் ஸ்டோருக்குள்ள இடைஞ்சலாக் கிடக்குது. காசோலையள் நசுங்கிப்போகும். அதுகளை வெளியால வையுங்கோ."

மருந்துக் கேன்கள் வாசல் நடைபாதையான ஐந்தடியின் வெயிலுக்குப் போயின. மையத்துக்கு நிதி நிர்வாகத்தில் உன்னத விருது கிடைத்தது. விருதோடு ஒரு மாதிரிக் காசோலையும் வந்தது.

பம்பு ஒருநாள் அரைமணி நேரம் நின்று, தானாக ஓடியது. பம்பு விற்கும் ஆ செங் வந்து பார்த்து, தலையை ஆட்டி, புதியது போட வேண்டும், பணம் முதலில் வேண்டும் என்று மலாயில் சொன்னார். டத்தோ உடனே ஒப்புக்கொண்டது திருச்செல்வத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த ஞாயிறு மேடை போட்டார்கள். ஆ செங் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரை நடுவில் நிறுத்தி, மாலை போட்டு, பம்பின் முழு விலைக்கும் ஒரு மாதிரிக் காசோலையை நீட்டினார் டத்தோ.

ஆ செங் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்த திருச்செல்வத்திடம் தணிந்த குரலில் சொன்னார்: "போஸ், இனி பேங்க் தாக் மாவு லா."

எந்த வங்கியும் இதை வாங்காது என்றால் பம்பு வராது. ஆனால் பந்தல் போட்டாயிற்று, சாப்பிட மீ கோரேங் வந்தாயிற்று, பம்பைத் திறந்து வைக்க ஒரு பிரமுகரும் வந்து உட்கார்ந்தாயிற்று. லோஷினி இதற்கெல்லாம் கலங்குகிறவள் இல்லை. பம்பின் படத்தை ஆள் உயரத்துக்கு அட்டையில் அடித்து முன்கூட்டியே தயாராக வைத்திருந்தாள். ரிப்பன் வெட்டினார்கள். அட்டையில் அச்சிட்டிருந்த சிவப்புப் பொத்தானைப் பிரமுகர் அழுத்தினார். கைதட்டல் அடங்கியபோது பின்னறையில் பழைய பம்பு இருமியது எல்லாருக்கும் கேட்டது.

"ஆஹா, என்னா ஒரு சத்தம்! புதுசு புதுசுதான்!" என்றார் பிரமுகர்.

திங்கட்கிழமை திருச்செல்வம் மறுபடியும் பம்பைப் பற்றிப் பேசப் போனார். டத்தோவுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"பேப்பர்ல வந்திருச்சு செல்வம். தொறந்து வச்ச பம்ப மறுபடியும் கேட்டா, முன்ன வாங்குன பம்பு எங்கன்னு கேட்கமாட்டாங்களா? பொதுமக்கள் பணத்துக்கு ஒரு பொறுப்பு வேணாமா? இனிமே இந்த மையத்துக்கு சட்டப்படி பம்பே வாங்க முடியாது."

அதன் பிறகு நான்கு மணி நேரச் சுத்திகரிப்பு மூன்றானது. மூன்று இரண்டரையானது. அதற்கு மேல் ஓட்டினால் பம்பு தாங்காது என்றாள் மிஸ்ஸி ஷர்மினி. சொல்லும்போது திருச்செல்வத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு மையங்களில் கேட்டுப் பார்த்தார். அரசாங்க இடத்தில் காத்திருப்போர் வரிசை; தனியாரில் முன்பணம். பம்பின் விலையோ அவருடைய ஒரு வருடச் சம்பளத்தையும் தாண்டியது.

ராசம்மாவின் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பரவால்லடா, சீக்கிரமா வீட்டுக்குப் போயிறலாம்ல," என்றார். இன்னொரு நாள் கைப்பேசியைக் காட்டி, "உன்னைய போட்டோல பாத்தேன். கல்யாணத்துலகூட நீ இப்படி சிரிக்கல," என்றார்.

"சிரிக்கச் சொல்றாங்கக்கா."

"சொன்னா சிரிச்சிரு. உன் வேலை போச்சுன்னா என் நாற்காலி போயிரும்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் மோட்டாரை நிறுத்த வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பசியாற உட்கார்ந்தவர் மூச்சு விட முடியாமல் சாய்ந்தார். அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது, சுத்திகரிப்பு போதவில்லை என்றார் டாக்டர். எங்கே செய்கிறார்கள் என்று கேட்டார். திருச்செல்வம் மையத்தின் பெயரைச் சொன்னார். தன் பதவியைச் சொல்லவில்லை. மதியத்துக்குள் ராசம்மா போய்விட்டார்.

அவருக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தார். அழுதிருந்தால் ஒரு மனிதனாக இருந்த ஞாபகமாவது வந்திருக்கும். சாவுப் பெட்டிக்குச் சொல்லி, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, பந்தலுக்கு ஆள் பிடித்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஷர்மினிதான் மூலையில் நின்று அழுதாள்.

மறுநாள் பெட்டியைத் தூக்கும் நேரம் லோஷினியிடமிருந்து அழைப்பு.

"அங்கிள், பாடிய எடுத்திராதீங்க! டத்தோ வந்துக்கிட்டே இருக்காரு."

மின்சுடலையில் குறித்த நேரம் நெருங்கியது. வண்டிக்காரர் அடிக்கடி மணி பார்த்தார். தூக்கிய பெட்டியை இறக்கி, வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கடைசியில் டத்தோவின் கார் வந்தது. அவருக்குப் பின்னால் லோஷினியும் படக்காரரும், இருவருமாகத் தூக்கிய ஓர் அட்டையும். 'ராசம்மா குடும்ப இரங்கல் நிதி, ஐயாயிரம் வெள்ளி.'

டத்தோ திருச்செல்வத்தின் தோளில் கை வைத்தார். கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"தண்ணிய அளவா குடிங்க, அளவா குடிங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கோம். புதுப் பம்பு போட்டும் காப்பாத்த முடியல. ஆனா குடுத்த வாக்க நான் காப்பாத்துனேன். அந்த நாற்காலி கடைசிவரைக்கும் ராசம்மாவுக்குத்தான் இருந்துச்சு. நாளைக்கு அதுல ஒரு டோனரோட மாமனாரு உக்காருவாரு. இந்த மையம் யாரையும் கைவிடாது."

படக்காரர் பின்னால் பின்னால் போய் வேலியில் முட்டிக்கொண்டார். அட்டை முழுதாகப் படத்துக்குள் வரவில்லை. "பெட்டிய கொஞ்சம் ஓரமா தள்ளுங்கண்ணே, தொகைய மறைக்குது," என்றார். தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தள்ளினார்கள்.

"ரெடியா? ஒன்னு, ரெண்டு..."

திருச்செல்வம் வலது மூலையைப் பிடித்திருந்தார். பளிச்சென்று ஒளி அடித்த பிறகுதான், தன் மற்றொரு கையின் கட்டை விரல் மேலே உயர்ந்திருப்பதையும், கன்னம் இரண்டும் இழுபட்டு நிற்பதையும் உணர்ந்தார். யாரும் அவரைச் சிரிக்கச் சொல்லியிருக்கவில்லை. ஷர்மினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை லோஷினி செய்தி அனுப்பினாள். அட்டையைத் திங்கட்கிழமை ஸ்டோரில் சேர்த்துவிட வேண்டும், சுபத்திரா அம்மையார் சரிபார்க்க வருகிறார். அப்புறம், டேக் கேர் அங்கிள்.

காலையில் அட்டையை மோட்டாரில் வைத்துப் பார்த்தார். முன்னால் வைத்தால் பாதை தெரியவில்லை. அக்கா உட்காரும் இடத்தில் நிமிர்த்தி, ரப்பர் கயிற்றால் கட்டி, ஒரு கையைப் பின்னால் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனார். காற்று அடிக்கும்போதெல்லாம் பின்னால் யாரோ அசைந்து உட்காருவதுபோல இருந்தது. இரண்டு தடவை, "ஒழுங்கா பிடிச்சுக்கோங்கக்கா," என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

சமிக்ஞை விளக்கில் சிவப்பு. பாசிர் கூடாங் வேலைக்குப் போகும் மோட்டார்கள் அவரைச் சுற்றி வந்து நின்றன. தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு மலாய்ப் பையன் அட்டையைப் பார்த்தான். எழுத்து தமிழில் இருந்தாலும் தொகை எண்ணில், எல்லாருக்கும் புரியும்படிதான் இருந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"வா, பாஞ்ஞாக் டுயிட்! தஹ்னியா, பாங்!" என்று, எவ்வளவு பணம் என வியந்து வாழ்த்துச் சொல்லிக் கட்டை விரலை உயர்த்தினான்.

"தெரிமா காசே," என்று நன்றி சொன்னார் திருச்செல்வம்.

பச்சை விழுந்தது. கிளம்புமுன் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். விரல் எதுவும் பூஜ்யத்தின் மேல் படவில்லை.